ரயில் இல்லாத ஊரின் கார்டம்மா

ரயிலே வராத ஊரில் இருந்துகொண்டு, "இன்னிக்கு வண்டி லேட்டு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரே மனுஷி இந்தப் பூலோகத்தில் எங்கள் கார்டம்மாதான். நான் வேலை கிடைத்துப் போன காலத்தில் கள்ளக்குறிச்சியில் தண்டவாளம் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துச் சின்னசேலம் போக வேண்டும். புதுப் பாதை வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் டீக்கடைக்கு டீக்கடை வந்து போய்க்கொண்டிருந்தது. இந்த லட்சணத்தில் கச்சிராயபாளையம் சாலையில் இருந்த எங்கள் மகளிர் விடுதி மட்டும் ரயில்வே நேரப்படி ஓடிக்கொண்டிருந்தது.

கார்டம்மா அந்த விடுதியின் காப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர். விளக்குமாற்றுக் குச்சி போல ஒல்லி, அதே விறைப்பு. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அதன் பக்கத்திலேயே கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். இடுப்பில் சாவிக் கொத்து இருக்க வேண்டிய இடத்தில், ரயில் கார்டு போல, சுருட்டிச் செருகிய இரண்டு கொடிகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. நிஜப் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கார்டம்மா என்று கூப்பிட்டால் அவருக்கே ஒரு அங்குலம் உயரம் கூடும். அப்புறம் எதற்கு இன்னொரு பெயர்?

முதல் நாள் விடியற்காலையில் என் காதுக்கருகே யாரோ இரும்பை இரும்பால் அடித்தார்கள். கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தேன். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார் கார்டம்மா.

"எறங்கு, எறங்கு! அஞ்சு இருவதுக்குப் பாசஞ்சர் கெளம்பிடும். அப்பறம் பல்லு வெளக்கத் தண்ணி கெடைக்காது, சொல்லிட்டேன்!"

பெட்டியும் கையுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா புதுப்பொண்ணே, பொட்டியோட எங்க கெளம்பிட்ட? உன் வண்டி இன்னும் பிளாட்பாரத்துக்கே வரல."

அன்று பிடித்த அதிர்ச்சி இரண்டு வருஷம் என்னை விடவில்லை.

இருபத்திரண்டு பெண்களுக்கு ஒரே ஒரு குளியலறை. வேறு விடுதியாக இருந்தால் காலையில் கொலை விழுந்திருக்கும். இங்கே டோக்கன் முறை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு இரும்பு வளையம். அதை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். வளையம் கையில் இல்லாதவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் கூடாது.

"ஒரே லைன்ல எதிரும் புதிருமா ரெண்டு வண்டிய வுட்டா இன்னாவும்? மோதிக்கும். டோக்கன் இல்லாம டிரைவரு வண்டியக் கெளப்பவே மாட்டான். பாத்ரூமுக்கும் அதான் ரூலு."

ஒருநாள் குழாய் பழுது பார்க்க வந்த பிளம்பர் நேராக உள்ளே போய்விட்டார். கதவில் இடி விழுந்தது.

"டோக்கன் எங்க?"

"இன்னா டோக்கனுங்க? நீங்கதான குழா ரிப்பேருன்னு கூப்ட்டீங்க?"

"டோக்கன் இல்லாம லைனுக்குள்ள பூந்துட்டியா? வெளிய வா மொதல்ல!"

அரைகுறையாகக் கழற்றிய குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க, பாவம், தலை முதல் கால் வரை நனைந்து வெளியே வந்தார் அந்த மனிதர். கார்டம்மா வளையத்தை அவர் கையில் கொடுத்து, பச்சைக் கொடியைக் காட்டி, "இப்பப் போ" என்றார். அவரும் போனார். கள்ளக்குறிச்சியில் எந்தப் பிளம்பரும் அதன்பிறகு எங்கள் விடுதிப் பக்கம் லேசில் வரவில்லை.

கார்டம்மாவோடு டவுன் பஸ்ஸில் போவதைவிடக் கல்வராயன் மலைக்கு நடந்தே ஏறிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்காகக் கச்சிராயபாளையம் கிளம்பியவர், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன்பக்கம் இத்தனை சீட் காலியாக இருக்க, கடைசிப் படியருகே போய் நின்றுகொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் விசில் ஊதுவார். அதற்கு முன்னால் இவர் தலையை வெளியே நீட்டி, எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்து, பச்சைக் கொடியை ஆட்டுவார். மூன்றாவது நிறுத்தத்தில் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"யம்மா, நீங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? விசிலு என்கிட்ட கீது."

"விசிலு உங்கிட்ட, கொடி எங்கிட்ட. ரெண்டும் ஒத்துக்கினாதான் வண்டி நவுரணும்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தப் பயணம் முழுக்கப் பச்சைக் கொடிக்காகக் காத்திருந்தார் என்பதுதான் என்னால் இன்றும் நம்ப முடியாத விஷயம். வண்டியில் இருந்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான்தான் தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தேன்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கார்டம்மாவின் முகமே மாறிவிடும். புதுச்சத்திரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, கடலோரப் பாதையில் ஒரு ரயில்வே கேட். அந்தக் கேட்டைத் திறந்து மூடியவர் அவருடைய அப்பா. கிழக்கே பார்த்தால் மணல்மேடு, அதற்கப்பால் கடல். மேற்கே வயல். நடுவே ஒற்றைத் தண்டவாளம். அதன்மேல் தினமும் கரி இன்ஜின் வண்டிகள்.

"மத்தியானம் கடக்காத்து கெளம்பிடும். வண்டி வர்ற நேரத்துக்குப் பொக அப்படியே மேற்க சாஞ்சு எங்க வூட்டுக் கொடியில போய் ஒக்காரும். எங்கம்மா வெளுத்துப் போட்ட வேட்டியெல்லாம் புள்ளி புள்ளியா ஆயிடும். அது திட்டும். நான் போய் அந்த வேட்டிய மோந்து பாப்பேன். கரி, எண்ணெ, உப்பு, மீனு, நாலு வாசனையும் ஒண்ணா வரும். உங்க ரயில்ல இன்னா வாசன வருது? ஊறுகா வாசன!"

கரித்தூள் கண்ணில் விழாத பயணத்தை அவர் பயணமாகவே ஒப்புக்கொண்டதில்லை. கண் சிவந்து, சட்டைக் காலர் கறுத்து வந்து இறங்குகிறவன்தான் ஊருக்குப் போய் வந்தவன். மற்றவனெல்லாம் சும்மா இடம் மாறி உட்கார்ந்தவன். இந்தக் கொள்கையை அவர் மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. டிரங்குப் பெட்டியில் ஒரு நிலக்கரிக் கட்டி வைத்திருந்தார். விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்புகிற பெண்ணின் கன்னத்தில் அதை ஒரு தேய் தேய்த்து அனுப்புவார். சங்கராபுரத்துப் பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிற நாளிலும் அப்படியே அனுப்பிவிட்டார். அவள் கவனிக்காமல் போய்ச் சபையில் நின்றிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு அடுப்பு வேலைகூட செய்யுதே" என்று அங்கேயே பூ வைத்துவிட்டாராம். திரும்பி வந்து அவள் சொன்னபோது எங்களுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சே நின்றுவிட்டது. கார்டம்மா மட்டும் அசரவில்லை. "கரி கைவுடாது" என்றார்.

ஆனால் அவருடைய கதைகளில் எங்களைக் கட்டிப்போட்டது ஒன்றுதான்.

மாலை நாலு இருபதுக்கு ஒரு பாசஞ்சர் அந்தக் கேட்டைத் தாண்டுமாம். கேட் வருவதற்கு முன்னால் டிரைவர் நீளமாக ஊத வேண்டும், அது சட்டம். அந்த வண்டி மட்டும் நீளமாக ஊதி முடித்த பிறகு, இன்னொரு தடவை குட்டியாக ஒரு ஊதல் போடும். ஊதியவன் ஒரு இளவட்ட ஃபயர்மேன், இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவன். தலையில் சிவப்புத் துணி கட்டியிருப்பான். கார்டம்மாவுக்கு அப்போது பதினேழு வயது.

"நீட்டு ஊதல் ரூலுக்கு. குட்டி ஊதல் எனக்கு" என்பார்.

அதற்கப்புறம் வந்த எந்த மாப்பிள்ளையையும் அவர் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் மணலூர்பேட்டையில் மாமா வீட்டுக்கு வந்து, அங்கிருந்து கள்ளக்குறிச்சி விடுதிக்கு வந்துவிட்டார். தினமும் நாலு இருபதுக்குக் காம்பவுண்டுச் சுவரோரம் போய் நிற்பார். எதிரே கச்சிராயபாளையம் டவுன் பஸ் போகும். அது தாமதமானால்தான் "இன்னிக்கு வண்டி லேட்டு."

அந்த ஃபயர்மேன் என்ன ஆனான் என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

என் அறைத்தோழி பொன்னி, கல்வராயன் மலையில் சாமை, தினை விளைவிக்கிற குடும்பத்துப் பெண். ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கடலையும் பார்த்ததில்லை, ரயிலிலும் ஏறியதில்லை. கார்டம்மாவின் கதையை வாய்பிளந்து கேட்பவள் அவள்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்கக்கா. கண் ஆபரேஷனுக்கு உளுந்தூர்பேட்டையிலேர்ந்து ஒரு பெரியவரு வந்துகீறாரு. இன்னா வேல பாத்தீங்கன்னு சும்மா கேட்டேன். கரி இன்ஜின்ல ஃபயர்மேன், கடலூர் லைனுன்னு சொல்றாருக்கா!"

பறந்துகொண்டு போனேன்.

மனிதருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு கண்ணில் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். மகன் நெடுஞ்சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறானாம். எத்தனையோ வருஷம் இன்ஜினில் நின்றதில் அவருக்குக் காது பாதிதான் கேட்கும். ஆகவே எதையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"புதுச்சத்திரம் தாண்டி ஒரு கேட்டுல, நீங்க குட்டியா ஒரு ஊதல் ஊதுவீங்களா?" என்று கத்தினாள் பொன்னி.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, உனக்கெப்படித் தெரியும்? டிரைவரு நீட்டா ஊதுவாரு. குட்டி ஊதலுக்கு நான் கயித்த இழுப்பேன்."

பொன்னி என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"யாருக்காக ஊதுவீங்க?"

"யாருக்கா? அந்தக் கேட்டாண்ட ஒரு வெள்ள ஆடு கட்டியிருப்பாங்கம்மா. சனியன், தண்டவாளத்து மேலயே வந்து நிக்கும். அது மெரண்டு ஓடட்டும்னு ஊதுவேன்."

நானும் பொன்னியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷத் தவம். எத்தனை மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஒரு ஆட்டுக்காகவா?

"கார்டம்மாவுக்கு இது தெரியவே கூடாது" என்றேன்.

பொன்னியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"இன்னாடி?"

"உங்களுக்கு முன்னால அவங்களுக்குதான்க்கா போன் பண்ணேன்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கார்டம்மா இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. விசில் இல்லை, கொடியும் இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. ஏதோ பாதி ஆள் வருவதுபோல இருந்தது. பொன்னி ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"பெரியவரு தூங்குறாருங்க. நாளைக்கு வரலாம்."

"கண்ணத் தொறந்துக்கினு ஆரஞ்சு துண்றாரு, தூங்குறாருன்ற. நவுரு."

நேராகக் கட்டிலருகே போய் நின்றார். பெரியவரின் கட்டுப்போடாத கண் இவரை அடையாளம் தெரியாமல் பார்த்தது.

"நான் கேட் கீப்பரு பொண்ணு" என்றார் கார்டம்மா. மெதுவான குரல்.

"ஆங்? இன்னா?"

"கேட் கீப்பரு பொண்ணுங்க!"

"சத்தமாப் பேசும்மா!"

கார்டம்மா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். தினமும் இருபத்திரண்டு பேரை எழுப்புகிற தொண்டை அது. "அந்த வெள்ள ஆட்டக் கட்டுனது நான்தான்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டிலில் கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"மொத நாளு அதுவாதான் அவுத்துக்கினு போச்சு. நீங்க ஊதுனீங்க. கேக்க நல்லா இருந்துச்சு. மறுநாளு நீங்க ஊதல. அதான் மொளக்குச்சியப் புடுங்கி ஒரு ஜாண் தள்ளி அடிச்சேன். தெனம் நாலு மணிக்குக் கொண்டுபோய் கட்டுவேன். எங்கப்பா தெனம் திட்டும். நான் கேக்கல."

எங்களிடம் சொன்னதில் பொய்யே இல்லை. குட்டி ஊதல் அவருக்குத்தான். ஆட்டைக் கட்டி வாங்கிக்கொண்டது என்பதை மட்டும்தான் சொல்லவில்லை.

பெரியவர் வாயில் போட்ட ஆரஞ்சுச் சுளையை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"ஐயோ, அந்த ஆடா? கல்யாணமான புதுசுல தூக்கத்துல 'ஆடு ஆடு'ன்னு கத்துவாரும்மா. ஏதோ பேய் புடிச்சுக்கீதுன்னு நான் வேப்பெலகூட அடிச்சேன்!"

யாராவது சிரித்திருப்பார்கள். ஆனால் கார்டம்மாவின் முகத்தைப் பார்த்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஒரு நாளு ரொம்பத் தள்ளிக் கட்டிட்டேன். ஆடு தண்டவாளத்து நடுவுல படுத்துக்கிச்சு. டிரைவரு பிரேக்கு அடிச்சாரு. நீங்க அப்படியே முன்னால சாஞ்சீங்க. கரி போடுற நெருப்புக் கதவு தொறந்து இருந்துச்சு. நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு. அப்பறம் அந்த வண்டியில நீங்க வரவே இல்ல. யாரக் கேட்டாலும் தெரியாதுன்னுட்டாங்க. எங்கப்பாகிட்டயும் சொல்லல. பாஸ்டருகிட்டயும் சொல்லல. அந்த ஆட்ட சர்ச்சு அறுப்புப் பண்டிகை ஏலத்துல குடுத்துட்டேன். யாரோ பிரியாணி போட்டாங்க. நான் துண்ணல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க உசுரோட கீறீங்களா இல்லியான்னே இத்தினி வருசமா எனக்குத் தெரியாது."

பொன்னி அழுதேவிட்டாள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

பெரியவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். புளியங்கொட்டை அளவுக்கு வழவழப்பாக ஒரு தழும்பு.

கார்டம்மா எழுந்து அதை உற்றுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா. அன்னிக்கே மருந்து போட்டுக்கினு மறுநாளே டூட்டிக்குப் போனேன்."

"அப்பறம் ஏன் எங்க லைனுக்கு வரல?"

"எனக்குக் கல்யாணம் கூடிச்சு. இவங்க ஊரு திருச்சி. அந்தப் பக்கம் மாத்தல் கேட்டு வாங்கிக்கினு போயிட்டேன்."

கார்டம்மா அந்த மனைவியைப் பார்த்தார். ஏதாவது கேட்டுவிடப் போகிறாரோ, உடைந்துவிடப் போகிறாரோ என்று நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். அவர் அதில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடமிருந்து மீதி ஆரஞ்சை வாங்கி உரிக்க ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு மாத்தல் வாங்குனவரு, ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்" என்றார்.

"யாருக்கு? ஆட்டுக்கா?" என்றார் பெரியவர்.

அதற்குத்தான் கார்டம்மா சிரித்தார். நான் பார்த்த இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். பெரியவர் சிரிக்க, கண்ணை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மனைவி அவரை அதட்ட, வார்டு முழுக்கச் சிரித்தது. பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து கடலோரத்து ஸ்டேஷன்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே தண்ணீர் பிடித்தார்கள், எங்கே மீன் கூடை ஏறியது என்று சாயங்காலம் வரை கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் பொன்னி பயந்து பயந்து கேட்டாள். "அவரு மேல ஆசையாங்க உங்களுக்கு?"

கார்டம்மா வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"தெரியலடி. அந்த ஊதல் மேல ஆச. அவரு மூஞ்சியவே நான் சரியாப் பாத்ததில்ல. பொகையா இருக்கும்." கொஞ்சம் கழித்து, "நல்லா கீறாரு. போதும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே எங்களிடம் வந்து, கடலோரம் போய் ரயிலில் ஏறலாம் என்றார். பொன்னியையும் என்னையும் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கூட்டிப்போனார். கடலூரில் பொன்னி முதல் தடவையாகக் கடலைப் பார்த்தாள். இன்ஜினில் புகை இல்லை, கரி இல்லை. "இஸ்திரிப் பொட்டி மாதிரி கீது" என்று ஒரே ஒரு தடவை கார்டம்மா குறை சொன்னார். அதற்குப் பிறகு ஜன்னலோரம் தலையைச் சாய்த்து, வழியெல்லாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். அவருடைய கேட் எப்போது தாண்டிப் போனது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

நான் மாற்றலாகி வந்து பல வருஷம் ஆகிறது. பொன்னி போன வாரம் பேசியபோது, கார்டம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, படியேற முடியவில்லை என்றாள். அன்றே விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் பேனா பாட்டுக்கு "அம்மாவைப் பார்க்க" என்று எழுதிவிட்டது. என்னைப் பெற்ற அம்மா என்னோடு, இதே வீட்டில்தான் இருக்கிறார். விண்ணப்பத்தை எட்டிப் பார்த்து வாசித்த அவர், உள்ளே போய், கார்டம்மாவுக்கென்று டப்பா நிறைய முறுக்கு எடுத்துவந்து என் பையில் வைத்தார்.